நாலு நாற்காலி

டிசம்பர் இருபத்து நாலு, ராத்திரி ஷிப்ட்.
வ்ரூட்கி சந்திப்பைக் கடைசிப் பயணிகள் வண்டி
ஐந்தே முக்காலுக்குத் தாண்டியது.
ஏறியவர்கள் மூன்று பேர்.
ஒருவன் அப்போதுதான் மரம் வாங்கியிருந்தான்,
கதவில் சிக்கிக் கிளையொன்று நடைமேடையில் கிடக்கிறது.
இனிச் சரக்கு வண்டிகள்தான்.
அவற்றுக்குப் பண்டிகை கிடையாது.

கட்டுப்பாட்டு அறை மேசையில்
காலாவதியான கால அட்டவணையை விரித்து
யார்மிலா முட்டைக்கோஸ் சூப்பைச் சுடவைத்தாள்.
ஹீட்டரில் ஒரு பக்கம்தான் அனல்.
அந்தப் பக்கத்துக்கு முறைவைத்து உட்கார்ந்தோம்.

உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்,
எது ரொம்பப் பிடிக்கும் என்று
ஆரம்பித்தவன் போஹுஷ்.
பதிலுக்குக் காத்திராமல் பர்ஸைத் திறந்தான்.
போன வருஷத்துக் கெண்டையின் செதில் ஒன்று,
வெட்டிய நகம்போல் மஞ்சளாக.
தட்டுக்கடியில் வைத்து எடுத்தது,
பர்ஸில் இருந்தால் குறைவே வராதாம்.
'வரவில்லையா?' என்றாள் யார்மிலா.
'செதிலுக்கு வரவில்லை.'

அவள் வீட்டில் மேசைக்கால்களைச்
சங்கிலியால் சுற்றிக் கட்டுவார்கள்,
குடும்பம் சிதறாமலிருக்க.
முதலில் மாட்டுச் சங்கிலி.
மாட்டை விற்ற பிறகு சைக்கிள் சங்கிலி, பூட்டோடு.
அண்ணன் சாவியைத் தொலைத்த வருஷம்
மூன்று ராஜாக்கள் திருநாள் வரை
மேசையைச் சுற்றிச் சுற்றியே கூட்டினார்களாம்.
'இப்போது நாலு பேரும் நாலு நாட்டில்.
சங்கிலி கீழே நிற்கிறது, என் சைக்கிளில்.'

ஓஸ்தாப் எல்லையைத் தாண்டி வந்தவன்,
எங்கள் மொழியை மெதுவாக நடப்பான்.
அவன் அப்பா தேனில் பிசைந்த கோதுமையை
ஒரு கரண்டி அள்ளிக் கூரைமேல் எறிவாராம்.
எத்தனை மணி ஒட்டுகிறதோ
அத்தனை கூட்டம் தேனீ.
'அதிகமாய் எத்தனை ஒட்டியது?'
'கூரை இருந்தவரை எண்ணினோம்' என்றான்.
போஹுஷ் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினான்.

என் முறை.
எங்கள் வீட்டில் ஒரே சட்டம்:
விருந்துக்கு உட்கார்ந்தால்
முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.
எழுந்தவர் அடுத்த வருஷம் அந்த மேசையில் இருக்கமாட்டார்.
அதனால் உப்பு முதல் பல்குத்தும் குச்சி வரை
எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

எனக்குப் பதினோரு வயது. போன் அடித்தது.
அம்மா எழுந்தாள்.
உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.
அப்பா தலைகுனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார்.
அவர் தட்டில் மீனே இல்லை.

அடுத்த டிசம்பருக்குள் அவள் செத்துவிடவில்லை.
ப்ர்நோவில், வேறொரு மேசையில்,
வேறு யார் நெற்றியிலோ
தேன் தொட்டுச் சிலுவை இட்டுக்கொண்டிருந்தாள்.

பிடித்ததைத்தானே கேட்டான் போஹுஷ்.
சட்டத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

யார்மிலா ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டி, உப்பு, சூப்புப் பாத்திரம்,
வால்நட் உடைக்கும் குறடு, சிக்னல் பதிவேடு,
எல்லாவற்றையும் மேசை நடுவுக்கு நகர்த்தினாள்.

எட்டுப் பத்துக்கு மணி அடித்தது.
போப்ராட் பக்கமிருந்து மரக்கட்டை வண்டி,
ஐந்தாம் தடத்துக்குத் திருப்ப வேண்டும்.
தடம் மாற்றும் இடத்தில் பனி இறுகிக் கிடக்கிறது.
ஒரு ஆள் வேலை, ஒரு துடைப்பம்.
பட்டியல்படி என் பெயர்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஓஸ்தாப் கரண்டியைக் கீழே வைத்து
அவன் மொழியில் எண்ணத் தொடங்கினான்.
ஒன்று மட்டும் வேறு மாதிரி,
இரண்டும் மூன்றும் எங்களுக்கும் அதேதான்.
மூன்றில்
நாலு நாற்காலியும் ஒரே சத்தமாய்ப் பின்னால் போயின.

அறையில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பதால்
யார்மிலா பலகையருகே நின்றாள், உட்காரவில்லை.
நாங்கள் மூன்று பேர் ஒரு துடைப்பத்தோடு
ஒருவர் காலை ஒருவர் மிதித்துப் பனி தள்ளினோம்.
வண்டி ஊர்ந்து போயிற்று.
ஓட்டுநர் கையசைத்தார், வாயில் எதையோ மென்றபடி.

திரும்பி வந்தபோது சூப் ஆறியிருந்தது.
ஹீட்டர் பக்கம் யார் முறை என்பது
ஒருவருக்கும் ஞாபகமில்லை.